துண்டுக்கடியில் ஏழு மணி

நான் விழுந்தது காலை ஏழு மணிக்கு. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வராமல்தான் அன்றைக்கு நான் சாகப் பார்த்தேன்.

நான் ஆட்டுத் தரகன். முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் நின்று பேசி முடித்துக் கொடுக்கிற வேலை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. அதனால் இந்த எழுத்தில் அழகு எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்.

எங்கள் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்து, அடியில் எதிராளியின் விரலைப் பிடித்துச் சொல்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஏழு என்றால் ஐந்தையும் ஒருமுறை பிடித்து விட்டுவிட்டு, மறுபடி இரண்டு விரலைப் பிடிக்க வேண்டும். பெருவிரலை அழுத்தினால் சம்மதம். பக்கத்தில் நிற்கிறவன் கண்ணை எவ்வளவு விரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. பேரம் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும்போது வாயை மூடிவிடுவேன். முகத்தை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஆட்டையே பார்ப்பேன். கேட்டால் பதில் கிடையாது. கொஞ்ச நேரத்தில் எதிராளிக்குப் பயம் வந்துவிடும், தானாக இறங்கி வருவான். சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்தில் ஆடு வாங்கி விற்கிற எல்லோருக்கும் இந்தக் கூத்து தெரியும். தெரிந்தும் ஏமாறுவார்கள்.

அன்றைக்கு பக்ரீத்துக்கு முந்தின வாரச் சந்தை. வருஷத்திலேயே பெரிய சந்தை அதுதான். சிவகிரியில் இருந்து ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, நாலு கிடாய் கொண்டு வந்திருந்தார். என் வலது கை துண்டுக்கடியில் அவர் கையில் இருந்தது. பக்கத்தில் என் மச்சினன் நின்றான். மச்சினன் என்றால் என் பெண்டாட்டியின் தம்பி. பன்னிரண்டு வருஷமாக என்னோடு இருந்து தொழில் கற்றவன். விரல் பிடிக்க அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ஒலிபெருக்கியில் சந்தைக் குத்தகைக்காரரின் ஆள், “மணி ஏழாச்சு, ரசீது போடாத ஆட்டை யாரும் வெளிய ஓட்டிக்கிட்டுப் போகக் கூடாது” என்று கத்தினான். அவன் கத்தி முடிப்பதற்குள் என் விரல்கள் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. எட்டு என்று சொல்லப் போனேன். விரல் பிடியாமல் நழுவியது.

சம்சாரிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன வே, இப்படிக் கொறைச்சுப் பிடிக்கீரு? கிடாயப் பாத்தா கோழி மாதிரியா இருக்கு?”

இல்லை என்று சொல்ல நினைத்தேன். நாக்கு வாய்க்குள் கிடந்தது, அவ்வளவுதான். புரளவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது எனக்கே தெரிந்தது.

மச்சினன் சிரித்தான். “அண்ணாச்சி, அத்தான் நாடகத்தை ஆரம்பிச்சிட்டாரு. இனி நீங்க எறங்கி வாரது வரைக்கும் வாயத் தொறக்க மாட்டாரு.”

“நாடகம் பாக்கவா நான் சிவகிரிலேருந்து பஸ் ஏறி வந்தேன்? போங்கலே.” சம்சாரி கையை உருவிக்கொண்டு கிடாய்களை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

வலது கால் மடங்கியது. புழுக்கை மேல் விழுந்தேன்.

“அத்தான், அவரு போயிட்டாரு. போதும், எந்திரிங்க.”

நான் எழவில்லை. வாயில் இருந்து எச்சில் வடிந்தது. அவன் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தான். “காலைலேயே ஊத்திட்டீயளா?” என்றான். நான் குடிப்பதை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அது அவனுக்குத் தெரியும். அவன் அக்கா என்னிடம் அம்மன் சன்னதியில் சத்தியம் வாங்கும்போது பக்கத்தில் நின்றவனே அவன்தான்.

கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் போட்டான். விலை போகாத ஆடுகளைக் கட்டிப் போடுகிற இடம் அது. அப்புறம் அவன் செய்த காரியத்தை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆடு திடீரென்று சுருண்டு விழுந்தால் எங்கள் ஆட்கள் காது நுனியைக் கீறி ரத்தம் விடுவார்கள். உள்ளே கட்டிய ரத்தம் இளகும் என்று ஒரு நினைப்பு. அதில் எழுந்து நின்ற ஆடும் உண்டு, செத்த ஆடு அதைவிட அதிகம். மடியில் இருந்த கத்தியை எடுத்து என் வலது காது நுனியைக் கீறினான். வலித்தது. கத்த முடியவில்லை. உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது என்று அவன் நினைத்தது சரிதான். அது எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியாத மடையன்.

“ஒரு மணி நேரம் படுங்க அத்தான். சரியாப் போயிரும். இங்கன யாவாரம் கெடந்து ஓடுது.”

ஈ மொய்க்கக் கூடாது என்று என் துண்டையே எடுத்து என் முகத்தில் போட்டான். போய்விட்டான்.

நினைவு தப்பி விட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தப்பவே இல்லை. மூன்று மணி நேரமும் எனக்கு எல்லாம் கேட்டது. என் காலுக்குப் பக்கத்தில் ஒரு ஆடு மூத்திரம் பெய்தது, அது வேட்டியில் ஊறி இடுப்பு வரைக்கும் வந்தது. இரண்டு முறை யாரோ வந்து துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி ஃபுல் போல” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதைவிடக் கொடுமை, என் மச்சினன் குரல் இருபது அடி தள்ளிக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னைத் தேடி வந்த ஆட்களிடம் எல்லாம், “அத்தானுக்கு மேலுக்கு முடியல, நான்தான் பாக்கேன்” என்று சொல்லிச் சொல்லி முடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நல்ல சந்தை அவனுக்கு அதுவரை அமைந்ததில்லை. இடது கையால் துண்டை எடுத்து வீசினேன். அவன் வந்து மறுபடி போட்டுவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு கடையநல்லூர் பாய் வந்தார். ஒவ்வொரு வருஷமும் குர்பானிக் கிடாய் என்னிடம்தான் வாங்குவார். சவூதியில் பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வண்டி ஓட்டியவர். ஊரில் வந்து செட்டிலான பிறகும் அந்த டிரைவர் புத்தி போகவில்லை. எங்கே அண்ணாச்சி என்று கேட்டு, மரத்தடிக்கு வந்து துண்டைத் தூக்கினார்.

“அண்ணாச்சி, சிரிங்க பாப்போம்.”

சிரித்தேன். பாதி வாய்தான் சிரித்திருக்கும்.

“யா அல்லா. ஏலே, இங்க வாலே! இது ஸ்ட்ரோக்குலே. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கு. எப்ப விழுந்தாரு?”

மச்சினன் ஓடி வந்தான். என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் உண்மையில் பார்த்தான் என்று நினைக்கிறேன். “இப்பதான் பாய்,” என்றான். “கொஞ்சம் முந்தி.”

முதல் பொய். அந்த நிமிஷத்தில் அவன் புத்தி போன இடம் எனக்குத் தெரிந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். நான் பிழைப்பேனா சாவேனா என்று யோசிக்கவில்லை.

பாய் காரில் என்னைத் தூக்கிப் போட்டார்கள். போகிற வழியில் வீட்டில் நிறுத்தி என் பெண்டாட்டியை ஏற்றினார்கள். அவள் அலறிக்கொண்டே கோயில் புற்றுமண்ணை என் நெற்றியில் அப்பினாள். சங்கரன்கோவிலில் ஒரு டாக்டர் வண்டிக்குள்ளேயே எட்டிப் பார்த்துவிட்டு, “இங்க நிக்காதீங்க, நேரா திருநெல்வேலி போங்க, நான் போன் பண்ணிச் சொல்லுதேன்” என்று துரத்திவிட்டார். நல்ல மனுஷன்.

தேவர்குளம் தாண்டும்போது மச்சினன் வாயைத் திறந்தான். “அக்கா, புறா ரத்தத்தைத் தேச்சா கை கால் விளங்கிரும்னு சொல்லுவாவ. வழியில புறா கெடைச்சா...”

“புறாவும் வேண்டாம், பருந்தும் வேண்டாம், மூடிக்கிட்டு இரும் வே,” என்றார் பாய். அவர் ஹாரனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஒரு இளம் டாக்டர் வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். பெண். முகத்தில் சிரிப்பு கிடையாது.

“கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்? சரியா சொல்லுங்க. இதுதான் முக்கியம்.”

“ஒம்போதரை வரைக்கும் நல்லாத்தான் டாக்டர் பேசிக்கிட்டு நின்னாரு. அதுக்குப் பெறவுதான் விழுந்தாரு,” என்றான் மச்சினன்.

“நீங்க கூடவே இருந்தீங்களா?”

“ஆமா டாக்டர். பக்கத்துலயேதான்.”

“காதுல என்ன காயம்?”

“விழுந்ததுல கல்லு குத்திருச்சு.”

டாக்டர் என் பெண்டாட்டி பக்கம் திரும்பிப் பொறுமையாகச் சொன்னார். மூளையின் இடது பக்கம் பெரிய ரத்தக் குழாய் ஒன்றில் கட்டி அடைத்திருக்கிறது. ஒன்பதரைக்கு விழுந்திருந்தால் கட்டியைக் கரைக்கிற ஊசியை இப்போதே போடலாம். போட்டுவிட்டு, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டியை வெளியே இழுத்தும் எடுப்போம். ஆனால் அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டிப் போட்டால் மண்டைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போகலாம். “அதனாலதான் நேரத்தைத் திரும்பத் திரும்பக் கேக்கறேன்” என்றார்.

ஏழில் இருந்து எண்ணிப் பார்த்தேன். கெடு பதினொன்றரைக்கே முடிந்து போயிருந்தது. மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. என்னைக் கொல்லப் போகிற ஊசியை நர்ஸ் ஒரு தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்தேன். “ஆ... ஆ...” என்றுதான் வந்தது. என் பெண்டாட்டி, “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்” என்று என் நெஞ்சைத் தடவினாள். வலது கை மரக்கட்டை. இடது கைதான் இருந்தது. கட்டில் பக்கத்தில் என் விரல்மொழி தெரிந்தவன் ஒருத்தன்தான் நின்றான். அவனேதான் பொய் சொன்னவன்.

போர்வைக்கு அடியில் அவன் கையைப் பிடித்தேன். ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தேன். விட்டேன். இரண்டைப் பிடித்தேன். ஏழு.

அவன் கை ஒரு நொடி செத்த மாதிரி நின்றது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கையை எனக்குத் தெரியும். புரிந்தபோது எப்படி இருக்கும், புரியாதபோது எப்படி இருக்கும் என்று தெரியும். அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுபடி பிடித்தேன். ஐந்து. இரண்டு.

அவன் என் கையைத் திருப்பிப் பிடித்தான். ஐந்து. பிறகு நாலு.

ஒன்பது. என்னிடம் பேரம் பேசினான்.

என்னைச் சாகக் கொடுத்தாலும் கொடுப்பான், அக்காவிடம் கெட்ட பெயர் வாங்க மாட்டான். நகத்தால் அவன் உள்ளங்கையைப் பிறாண்டினேன்.

“என்ன சொல்ல வர்றார்?” என்று டாக்டர் கேட்டார்.

“பயந்து போயி கையப் பிடிக்காரு டாக்டர்,” என்றான். என் கண்ணை அவன் பார்க்கவில்லை.

என் பெண்டாட்டி ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் என் இடது கையில் ஊசிக்கு நரம்பு தேட வந்தாள். கையைக் கொடுக்காமல் உதறினேன். இரண்டு பேர் சேர்ந்து பிடித்தார்கள். “முரண்டு பண்ணாதீங்கய்யா, உங்க நல்லதுக்குத்தான்” என்றாள். சந்தையில் ஆட்டைப் பிடித்து மருந்து ஊற்றும்போது நாங்களும் இப்படித்தான் சொல்வோம்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு பாய் வந்தார். வண்டியை எங்கேயோ தள்ளி நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்திருந்தார். “ஏன் அண்ணாச்சியப் போட்டு அமுக்குதீய?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தார். நர்ஸ் பிடி தளர்ந்த நேரத்தில் அவர் கையை எட்டிப் பிடித்தேன். எத்தனை வருஷம் துண்டுக்கடியில் பிடித்த கை. ஐந்து. இரண்டு.

“ஏழுங்காரு,” என்றார் பாய்.

அறையில் யாருக்கும் புரியவில்லை.

“விரல்ல ஏழுன்னு சொல்லுதாரும்மா. எங்க சந்தைப் பாஷை அது. என்ன அண்ணாச்சி ஏழு? மாத்திரையா? மணியா? ஏழு மணிக்கு விழுந்தியளா?”

அவர் பெருவிரலை உடையும் அளவுக்கு அழுத்தினேன்.

“ஆமாங்காரு டாக்டர். ஏழு மணி.”

மச்சினன் பாய்ந்து வந்தான். “பாய், சும்மா இரும். நீரு பத்து மணிக்கு வந்த ஆளு, ஓமக்கு என்ன தெரியும்? அவருக்கே புத்தி சரியில்லாமக் கெடக்காரு, அவரு விரலைப் பிடிச்சு சோசியம் பாக்கீரு!”

டாக்டர் குனிந்து என் காதைத் தொட்டார். காய்ந்து கறுத்து ஒட்டியிருந்த ரத்தத்தை நகத்தால் சுரண்டினார். “இது ரெண்டரை மணி நேரத்துல காஞ்ச ரத்தம் மாதிரி இல்ல. கல்லு குத்துன மாதிரியும் இல்ல. கத்தி.” நிமிர்ந்தார். “நான் இப்ப ஊசி போட்டு இவர் செத்துட்டா, நீங்க சொன்ன நேரத்தை எழுதி உங்ககிட்டதான் கையெழுத்து வாங்குவேன். சொல்லுங்க. எத்தனை மணி?”

என் பெண்டாட்டி தம்பியின் சட்டையைப் பிடித்தாள். “ஏலே, வாயத் தொறந்து சொல்லித் தொலைலே!”

“ஏழு இருக்கும்,” என்றான். அழ ஆரம்பித்தான். “நடிக்காருன்னு நெனைச்சேன் அக்கா. எப்பவும் நடிக்கிறவருதானே.”

“ஊசி வேண்டாம், எடுத்துட்டுப் போ” என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். என் கட்டிலை ஓட்டமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

உள்ளே குளிர். தலையைப் பட்டையால் கட்டினார்கள். வலது தொடை இடுக்கில் மரத்துப் போக ஊசி போட்டார்கள். முழுசாக மயக்கவில்லை. ஒரு குழாயைத் தொடை ரத்தக் குழாய்க்குள் விட்டு, வயிறு, நெஞ்சு, கழுத்து வழியாக மேலே ஏற்றினார்கள். அது போவது எனக்குத் தெரியவில்லை. மருந்தை உள்ளே அடிக்கும்போது மட்டும் பாதி முகத்தில் சுடுதண்ணீர் ஊற்றியது போல இருந்தது, கண்ணுக்குள் மின்னல் வெட்டியது.

பின்னால் ஒருநாள் டாக்டர் தாளில் படம் போட்டுக் காட்டினார். பெரிய குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாய், அதற்குள் முடி மாதிரி ஒரு கம்பி. கம்பி அடைப்பைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகும். அது போன தடத்திலேயே சுருட்டி வைத்த ஒரு வலைக்கூட்டைக் கொண்டு போய்க் கட்டிக்கு நடுவில் விரிப்பார்கள். கட்டி வலைக் கண்ணில் சிக்குகிறவரை சில நிமிஷம் காத்திருப்பார்கள். பிறகு பெரிய குழாயால் உறிஞ்சிக்கொண்டே வலையைக் கட்டியோடு இழுப்பார்கள். எழுதினால் இவ்வளவுதான். இழுக்கும்போது எனக்கு இருந்த வலியை எப்படி எழுதுவது? உயிரோடு இருக்கிற ஆட்டின் குடலைப் பின்னால் இருந்து உருவினால் அதற்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

“அசையாதீங்க!” என்று யாரோ கத்தினார்கள்.

முதல் முறை இழுத்தபோது ஒன்றும் வரவில்லை. இரண்டாவது முறை ஒரு துணுக்கு வந்தது. “இன்னும் ஒரு தடவை. ரொம்பப் பழசா இறுகிடுச்சு” என்றது குரல். வேப்பமரத்தடியில் கிடந்த மூன்று மணி நேரமும் அது இறுகிக்கொண்டிருந்திருக்கிறது. மூன்றாவது இழுப்பில் பல்லைக் கடித்தேன். உதடு இரண்டு பக்கமும் இறுகியது. அதை நான்தான் முதலில் கவனித்தேன், அவர்கள் அல்ல.

“வந்துருச்சு,” என்றார்கள்.

வெள்ளைத் துணியில் வைத்து என் பெண்டாட்டிக்குக் காட்டினார்களாம். பாய் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். ஆட்டுத் தொடையில் ரத்தம் குடித்து உப்பிக் கிடக்குமே உண்ணி, அது இரண்டு சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அந்த அளவு சனியன் ஒரு ஆளைச் சாய்த்துவிட்டது. இதயம் தாளம் தப்பித் துடித்ததில் அங்கே உண்டாகி மேலே போனதாம். பிரஷர் மாத்திரையை ஆறு மாசமாக விட்டிருந்தேன். அது என் திமிர். அதற்கு யார் மேலும் பழி போட மாட்டேன்.

சாயங்காலம் வலது கால் அசைந்தது. மூன்றாம் நாள் கையைத் தூக்கினேன். டாக்டர் வந்து பார்த்தார். என் பெண்டாட்டி கேட்டாள்: “முன்னாடியே கொண்டாந்திருந்தா?”

“ஏழு மணிக்கே கிளம்பியிருந்தா ஊசியும் போட்டிருப்போம், கட்டியையும் சீக்கிரம் எடுத்திருப்போம். பேச்சும் கை விரலும் இருக்கற இடத்துல கொஞ்சம் செத்துப் போச்சும்மா. அது திரும்ப வராது.” டாக்டர் அதைச் சொல்லும்போது என் பெண்டாட்டி முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

இப்போது என் நிலைமை இது. நடக்கிறேன், ஒரு காலை இழுத்துக்கொண்டு. வலது கையால் டம்ளர் பிடிப்பேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ‘எந்த விரலைத் தொடுகிறேன், சொல்’ என்று யாராவது கேட்டால் தெரியாது. துண்டுக்கடியில் அந்தக் கைக்கு வேலை இல்லை. இடது கையால் பிடிக்கலாமே என்று பாய் சொன்னார். விரலைப் பிடித்தால் போதுமா? ஒரு பக்கம் இடித்தும் இளித்தும் பேசிக்கொண்டேதானே பிடிக்க வேண்டும். பேச்சு எங்கே? எல்லாம் புரிகிறது, சொல் மட்டும் பிந்தி வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண், படங்களைக் காட்டிப் பேசப் பழக்குகிறாள். கோழியைக் காட்டினால் ஆடு என்கிறேன். தப்பு என்று தெரிகிறது. சரியான சொல் வர அரை நிமிஷம் ஆகும், சில நேரம் அரை மணி. எழுதும்போது இந்தத் தொல்லை குறைவு, காத்திருந்து எழுதலாம். இடது கையால் ஒரு நாளைக்கு நாலு வரி.

மச்சினன் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தான். ஆப்பிள் வாங்கி வருவான். பார்க்க வருகிறவர்களிடம், “சந்தையிலேருந்து நான்தான் தூக்கிப் போட்டுக்கிட்டுப் பறந்தேன்” என்பான். நான் “இ... இ...” என்று ஆரம்பித்தால் எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இல்லை என்று சொல்ல வருகிறேன் என்று ஒரு நாய்க்கும் தோன்றவில்லை.

ஆனால் பாய் போனில் நாலு பேரிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நாலு நாப்பதாகிவிட்டது. கூடப்பிறந்தாளின் புருஷனை ஆட்டோடு கட்டிப் போட்டவன் நம் ஆட்டுக்கு என்ன நியாயம் சொல்வான் என்று மேலநீலிதநல்லூர் ஆட்கள் அவனை விட்டு விலகினார்கள். அப்போதுதான் என் பெண்டாட்டி ஆரம்பித்தாள். “ஒரு நாள் சந்தைக்குப் போயி அவன்கூட நில்லுங்க. அவன் பொழப்பு போகுது. பதட்டத்துல ஒரு வார்த்தை மாத்திச் சொல்லிட்டான். அதுக்காகத் தெருவுல விடவா முடியும்?”

போனேன். அவனுக்காக இல்லை. எல்லோர் நடுவிலும் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று போனேன். பத்து நாள் அதை வீட்டுச் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகியிருந்தேன். ‘இவன் என்னை மூணு மணி நேரம் ஆட்டோட போட்டான்.’

சந்தையில் என்னைக் கண்டதும் கூட்டம் கூடிவிட்டது. “அண்ணாச்சி வந்துட்டாரு”, “ஆளு பாதியாயிட்டாரே”, “பேசுங்க அண்ணாச்சி, கேப்போம்.” மச்சினன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். என் பெண்டாட்டி இந்தப் பக்கம்.

“இவன்...” என்றேன். எல்லோரும் வாயை மூடினார்கள். “என்னை...” வியர்த்தது. “மூணு... மணி...”

அடுத்த சொல் தொண்டையில் நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது.

“மூணு மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிச் சேத்தேன்னு சொல்ல வாராரு,” என்றான் மச்சினன். என் தோளைத் தட்டிக் கொடுத்தான். “இல்லைன்னா இன்னைக்கு அண்ணாச்சி இல்ல. அதானே அத்தான்?”

கூட்டம் “ச்சு ச்சு” கொட்டியது. ஒருத்தர் மச்சினன் கையைப் பிடித்து, “கேள்விப்பட்டதெல்லாம் சும்மா, பெரிய மனசுவே ஓமக்கு” என்றார். என் பெண்டாட்டி தலை குனிந்து நின்றாள். ஒலிபெருக்கி எதையோ கத்தியது, கூட்டம் கலைந்தது. அன்றைக்கு அவனுக்கு நல்ல வியாபாரம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நானும் அவளும் மட்டும். பஸ் ஸ்டாண்ட் தாண்டும்போது அந்தச் சொல் வந்தது.

“பொய்.”

“என்னது?”

“அவன்... சொன்னது... பொய்.”

“எனக்குத் தெரியாதா? நானும் அந்த ரூமுலதானே நின்னேன்,” என்றாள். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். “சாகலைல்லா. பெறவு என்ன?”

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. இறங்குவதற்குத் தாங்கலாக என் வலது கையைப் பிடித்தாள். உதறினேன். உதறுகிற அளவுக்கு அந்தக் கையில் பலம் வந்திருக்கிறது.